அக்காவின் அளவுச் சட்டை

‘ஃப்ரீ சைஸ்’ என்று எழுதிய எதையும் நான் நம்புவதில்லை. அதை நம்பி வாங்கிய சட்டைகள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. நீலாயில் மொத்தத் துணிக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்துக்கு முதன்முறை சரக்கு வாங்கப் போனபோது, கடைப்பெண் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, இழுத்தால் வரும் ஆன்ட்டி என்றாள். வரத்தான் செய்தது. போட்ட பிறகு கையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதுவும் முழுக்க பாலியஸ்டர். ரெம்பாவ் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பேருந்துக்கு நின்றால் இடுப்பு மடிப்பெல்லாம் வெந்துவிடும்.

நான் குண்டான பெண்களுக்குத் துணி விற்கிறேன். முகநூல் பக்கத்தில் ‘பிளஸ் சைஸ்’ என்று போட்டிருக்கிறேன். நேரில் வருகிறவர்களிடம் குண்டு என்றே சொல்லிவிடுவேன், சொல்கிறவளும் குண்டுதான் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ரெம்பாவுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையும் பாதி தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளுமாக ஆகிவிட்ட இடத்தில் எங்கள் வீடு. முன்னறைதான் கடை. ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, உடை மாற்ற ஒரு திரை, சட்டைகளைத் தொங்கவிட இரண்டு கம்பிகள், மூலையில் என் தையல் இயந்திரம். சிரம்பானில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதை மூடியபோது வேறு வேலை தேடாமல் இதை ஆரம்பித்தேன்.

ஏன் இந்தத் தொழில், அதிலும் ஏன் இந்தத் துணி என்று கேட்பார்கள். தோலுக்கு நல்லது, மண்ணுக்கும் நல்லது, பத்து வருடம் உழைக்கும் என்று சொல்வேன். அதெல்லாம் உண்மைதான். என்னை இதில் இறக்கிவிட்டது என்னவோ கெமாசில் இருக்கும் என் அக்கா.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். ரயில்வேயில் வேலை பார்த்த அத்தானைக் கட்டிக்கொண்டு கெமாசுக்குப் போனாள். பிள்ளை இல்லை. என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். இது எனக்கும் பிள்ளைதான் என்று சொல்லித்தான் வாங்கினாள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்குமே தாராளமான உடம்பு. அக்காவுக்கு முப்பதுக்குப் பிறகு அது நிற்கவே இல்லை. அப்போதெல்லாம் அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அவள் இருந்தால் பந்தியைப் பார்க்க வேறு ஆள் வேண்டாம், ஆரத்தி எடுக்க வேறு ஆள் வேண்டாம், சண்டையை விலக்கவும் வேறு ஆள் வேண்டாம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் சிரம்பானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க அக்கா தட்டைத் தூக்கினாள். போட்டிருந்தது அவசரத்தில் வாங்கிய ரெடிமேட் ரவிக்கை. கையைத் தூக்கியதும் அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டுக்கொண்டது. அந்தச் சத்தம் வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. வீடியோக்காரரின் விளக்கு அவள் மேலேயே இருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், எனக்கும் வந்துவிட்டது. அக்கா மூன்று சுற்றையும் சுற்றி முடித்தாள், மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்பாள், முதல் நாள் போன் செய்து முட்டி வலி என்பாள். அம்மாவின் காரியத்துக்கு வந்தவள் சமையலறையை விட்டு முன்னால் வரவேயில்லை. நான் கெமாசுக்குப் போனால் நன்றாகத்தான் பேசுவாள், மீன் குழம்பு வைப்பாள், மகளுக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுப்பாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு அவள் தேவைப்பட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன முறை என்று காதில் சொல்லவும், பாயசத்தில் சர்க்கரை கூட என்று முணுமுணுக்கவும் ஆள் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்த கல்யாணங்களும் உண்டு.

அவளைப் போன்ற உடம்புக்குக் கிழியாத சட்டை வேண்டும் என்றுதான் துணி தேட ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். நல்ல துணி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உடம்பைத் தெரியாது, பெரிய சட்டை தைப்பவர்களுக்கு நல்ல துணியைத் தெரியாது. ஒருவர் மூங்கில் துணி என்று மாதிரி அனுப்பினார். தொட்டால் கையை எடுக்க மனம் வராது. மூங்கிலை எப்படி நூலாக்குகிறீர்கள், அந்த ரசாயனத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன், அத்தோடு அவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். இன்னொருவர் இயற்கைப் பருத்தி என்பதற்குச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினார், அதில் வேறு ஓர் ஆலையின் பெயர் இருந்தது. கைத்தறி அழகாகத்தான் கிடைத்தது. ஆனால் அகலம் குறைவு. என்னைப் போன்ற ஒருத்திக்கு முன்பக்கத்தை ஒரே துண்டாக வெட்ட முடியாது, வயிற்றின் நடுவே ஒரு தையல் வரும். இருக்கிற வயிறு போதாதென்று அதற்குக் கோடு வேறு போட்டுக் காட்ட வேண்டுமா என்று அதையும் விட்டேன்.

கடைசியில் திருப்பூரில் ஒருவர் அகப்பட்டார். சின்னப் பட்டறை. இயற்கைப் பருத்தியில் கொஞ்சம் லினன் கலந்து அகலமாக நெய்த துணி அவரிடம் இருந்தது. மாதிரித் துண்டுகளை வாளியில் ஊறவைத்து, கொடியில் காயப்போட்டு, அளந்து, மறுபடியும் ஊறவைத்தேன். முதல் துவைப்பில் இரண்டு விரல் சுருங்கியது, அதற்குப் பிறகு அசையவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம், ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்கு இவ்வளவு சளி, தினமும் கைக்குட்டையாகவே காய்கிறதே என்று மலாயில் கேட்டார். நான் ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தேன். முகத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பித் தரவே இல்லை. துணி சரி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தது அளவு. திருப்பூர்க்காரரின் அளவு அட்டை இரண்டு எக்ஸ்எல்லோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் அப்படியே பெரிதாக்கித் தருகிறேன் என்றார். இந்த ‘அப்படியே’தான் எங்கள் தலையெழுத்து. அப்படியே பெரிதாக்கினால் கழுத்து தோளை விட்டு இறங்கும், கை நகத்தை மூடும், ஆனால் மேற்கையில் மட்டும் ஏறாது. எங்களுக்கும் எலும்பு உங்கள் அளவுதான் அண்ணே, சதைதான் கூட என்று குரல் பதிவு அனுப்பினேன். பாவம் மனிதர், வெகுநேரம் கழித்து, உங்கள் ஆட்களின் அளவை நீங்களே எடுத்து அனுப்புங்கள் மேடம், அதற்கே வெட்டித் தருகிறேன் என்றார்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். வந்த பெண்கள் டேப்பைப் பார்த்ததும் வயிற்றின் மேல் கைப்பையை வைத்துக்கொண்டார்கள். “அளவுச் சட்டை குடுத்துடுறேன்லா” என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தோட்டத்தில் இருந்த வழக்கம் அதுதான். சம்பள நாளுக்கு இயந்திரத்தோடு வந்து உட்காரும் தையல்காரர் ஆண். அவரும் பெண்ணை அளக்க மாட்டார், எந்தப் பெண்ணும் போய் நிற்கவும் மாட்டாள். பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினால் அதை வைத்து வெட்டிவிடுவார். தோட்டத்து லயன் வீடுகளை இடித்தாயிற்று, தைப்பவளும் பெண்ணாகிவிட்டாள், அளவுச் சட்டை மட்டும் போகவில்லை. நானும் அதில் வளர்ந்தவள்தானே, சரி கொடுங்கள் என்றேன். இருபத்தேழு சட்டைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, மார்பு, இடுப்பு, மேற்கை என்று அளந்து அட்டவணை போட்டு அனுப்பினேன். இவ்வளவு ஒழுங்காக இந்த வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை வேறு.

முதல் சரக்கு வந்தது. ஒருத்திக்கும் ஏறவில்லை. திரைக்குப் பின்னால் போன பெண் வெளியே வராமல் நிற்பாள், முழங்கை திரையில் இடிக்கும், பிறகு அந்த அசைவும் நின்றுவிடும். துணி சுருங்கிவிட்டது என்று திருப்பூருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கேட்ட அளவைத்தான் வெட்டியிருந்தார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், என்னைவிடப் பத்து வயது இளையவள் ஒருத்தி, திரைக்கு உள்ளேயிருந்தே சொன்னாள்.

“அக்கா, நான் குடுத்தது தலதீபாவளிக்குப் போட்டது.”

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருத்தி கொடுத்தது அறுவைசிகிச்சைக்கு முந்தைய சட்டை. ஒருத்தி கொடுத்தது தங்கச்சியுடையது. ஒருத்தி அந்தச் சட்டைக்குத் திரும்பவும் இளைத்துவிடுவேன் என்று ஏழு வருடமாக அதை எடுத்து வைத்திருக்கிறாள். பொருந்துகிற சட்டையைக் கேட்டேன், பொருந்திய காலத்துச் சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். கோபப்பட எனக்கும் யோக்கியதை இல்லை. அந்த இருபத்தேழில் ஒன்று என்னுடையது, மகள் பிறப்பதற்கு முன்னால் தைத்தது.

எல்லோருக்கும் எவ்வளவு போதவில்லை என்று பார்த்தேன். ஓர் அங்குலம் முன்பின் இருந்தாலும் சராசரியாக நாலு அங்குலம் வந்தது. அன்றிலிருந்து யார் அளவுச் சட்டை கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கி, நாலு அங்குலம் கூட்டி எழுதிக்கொள்வேன். இரண்டாவது சரக்கு எல்லோருக்கும் பொருந்தியது. உங்கள் கையில் என்னவோ இருக்கிறது என்றார்கள். அக்கம்பக்கத்திலிருந்து செண்டாயான் வரை பேர் பரவியது. இந்த ‘நாலு அங்குலம்’ என்னிடம் சிக்கிய பெரிய வித்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

முதல் போன் அக்காவுக்குத்தான். சந்தோஷத்தில் அழுதாள், மாப்பிள்ளையைப் பற்றி நூறு கேள்வி கேட்டாள், தேதியைச் சொன்னதும் முட்டி வலி என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. பெரியம்மா இல்லாத மேடையில் என் மகளை உட்காரவைக்க மாட்டேன் என்றேன். புடவையும் வேண்டாம் ரவிக்கையும் வேண்டாம், என் துணியில் பஞ்சாபி சூட் நானே தைத்துத் தருகிறேன், இரட்டைத் தையல் போட்டு, எப்படித் திரும்பினாலும் விடாது என்றேன். அவளை மறுபடியும் நாலு பேர் முன்னால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எட்டு வருட ஆசை. அது குரலில் தெரிந்திருக்க வேண்டும்.

“தச்சுக் குடு. சரியா இருந்தா வர்றேன்” என்றாள் அக்கா.

நான் கெமாசுக்கு வந்து அளவெடுக்கிறேன் என்றேன். வேண்டாம், சட்டை அனுப்புகிறேன் என்றாள். கண் பரிசோதனைக்குச் சிரம்பான் வந்த அத்தான் அதைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வெளுத்துப்போன பருத்திச் சட்டை. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து கீழ்வரை மூன்று விரல் அகலத்துக்கு ஒட்டுத்துணி வைத்துக் கையாலேயே தைத்திருந்தாள். ஒரு பக்க ஒட்டு வெறும் நீலம், மறு பக்கம் பூப்போட்டது. நான் அதை விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். இந்த ஒட்டைப் போட்டுப் பல வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பெண்தான் உண்மையான அளவைக் கொடுத்திருக்கிறாள்? அட்டவணையில் எழுதும்போது கை தன்னால் நாலு அங்குலத்தைக் கூட்டியது.

மயில்கழுத்து நிறத்தில் தைத்தேன். இரண்டு தடவை துவைத்த துணி, அக்குளில் உராயாமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்தி, மேற்கையில் தாராளம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் தபாலில் அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்றாள். போட்டுப் பார்த்தாயா என்று கேட்டதற்கு ம் என்றாள். பத்திரிகை, பூ, சமையல் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். அந்த ‘ம்’மை நின்று கேட்கவில்லை.

செண்டாயான் பக்கத்தில், மாடியில் ஒரு மண்டபம். முகூர்த்தம் நெருங்க நெருங்க என் கண் ஐயர் மேலேயே இல்லை, வாசலிலேயே இருந்தது. அத்தான் மட்டும் வந்து கடைசி வரிசையில் நின்றார். எங்கே என்று கண்ணால் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, எல்லோரும் அட்சதை போட்டார்கள். என் கையில் இருந்த அரிசியை நான் போட்டேனா என்றுகூட நினைவில்லை. கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் அத்தான் என்னிடம் வந்தார்.

“காடியிலதான்மா இருக்கா. இறங்கமாட்டேங்குறா.”

பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன். மண்டபத்தின் பின்பக்கம், மரநிழலில் கார் நின்றது. பின் இருக்கையில் அக்கா இருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். தலை நிறையப் பூ, கழுத்தில் அம்மாவின் சங்கிலி. சட்டையின் கழுத்து ஒரு தோளை விட்டு இறங்கியிருந்தது. இரண்டு அக்குளுக்குக் கீழும் துணியை மடித்து மடித்து ஊக்குகள் குத்தியிருந்தாள். அவள் மடியில் மஞ்சள் அரிசி சிதறியிருந்தது.

நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மேளம் கேட்டதாகவும் இங்கிருந்தே அட்சதை போட்டதாகவும் சொன்னாள். பிள்ளை அழுதாளா என்று கேட்டாள். இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள் என்றேன். மேலே வா அக்கா என்று கையைப் பிடித்தேன்.

“நான் அனுப்புனது என் நெஜ அளவுடி. போன மாசம் வரைக்கும் போட்டுக்கிட்டு இருந்த சட்ட. ஒன்கிட்ட எதுக்கு மறைக்கணும்னுதான் அந்த ஒட்டோடயே குடுத்துவிட்டேன்” என்றாள்.

எல்லோரும் பழைய சட்டையைத்தான் கொடுக்கிறார்கள், அதனால்தான் எல்லோருக்கும் கூட்டுகிறேன் என்று நான் தொழில் ரகசியத்தை அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். சொல்லும்போதே எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

“ஒன் கண்ணுக்கு நான் இவ்ளோ பெருசாவா தெரியுறேன்?”

அக்கா, அன்றைக்கு நான் சிரித்தேன் என்றேன். தெரியும் என்றாள். ஊசி நூல் எடுத்து வருகிறேன், பத்து நிமிடத்தில் பிடித்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். வேண்டாம், பெண்ணுக்கு அம்மா நீ, மேலே போ, தேடுவார்கள் என்றாள். மகளையும் மாப்பிள்ளையையும் கீழே அழைத்து வருகிறேன் என்றேன். கல்யாணப் பெண்ணைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டி வராதே என்று அதட்டினாள். சரியாக இருந்திருந்தால் வந்திருப்பேன் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். இலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நான் மறுபடி இறங்கி வந்தபோது கார் போயிருந்தது.

விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த ஒட்டுப்போட்ட சட்டையை மேசையில் விரித்தேன். இருப்பதை இருந்தபடியே அளந்தேன். ஓர் அங்குலம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதே துணியில் மறுபடியும் வெட்டி, இரண்டு நாளில் தைத்து, கெமாசுக்கு அனுப்பினேன். கூட ஒரு கடிதம் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன், என்ன எழுதினாலும் சாக்குப்போக்காகவே வந்தது, வைக்கவில்லை. இப்போதெல்லாம் என் கடையில் அளவுச் சட்டை வாங்குவதில்லை. திரைக்குப் பின்னால் நானும் போய், டேப்பால் அளந்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இரண்டு வாரம் கழித்து அத்தானிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. அக்கா வீட்டு வாசலில் நிற்கிறாள். தோள் தோளில் நிற்கிறது, மேற்கை இறுக்கவில்லை, இடுப்பில் துணி அழகாக விழுகிறது. இத்தனை வருடம் தரம் பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அக்கா. எனக்கு அழுகை வந்தது.

உடனே கூப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். கண்ணாடி முன்னால் இருந்து நகர மாட்டேன் என்கிறாள் என்று பின்னாலிருந்து அத்தான் கேலி செய்தார். அவள் சிரித்தாள். பிறகு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, அவளாகவே கேட்டாள்.

“அடுத்து நம்ம வீட்டுல என்னா விசேஷம்?”

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே பெண். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பார்க்கலாம் அக்கா என்றேன்.